சூரிய கடிகாரப் புத்தகமும் என் கத்தரிக்கோலும்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். அத்தனை வருடத்தில் என் கையால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனிதர்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஒரு புத்தகத்தைப் பொறுத்தவரை உண்மையில்லை. நானூறு வருடம் தாக்குப்பிடித்த புத்தகம், என்னிடம் ஒரு காலைப்பொழுது மாட்டிக்கொண்டது.

அதை வைத்திருந்தவரை எல்லோரும் சங்குக்காரர் என்று கூப்பிட்டார்கள். காகித ஆலையில் நேரம் பார்க்கும் வேலை. வாசல் பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்த சின்ன அறை, சுவரில் ஒரு பெரிய கடிகாரம், மேசையில் வருகைப் பதிவேடு. காலை எட்டு மணிக்குச் சங்கை ஒலிக்கவிடுவார். சங்கு நின்று இரண்டு நிமிடம் கழித்து வருகிற எவனும் ஜன்னலில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பஸ் வரவில்லை, சைக்கிள் பஞ்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், பாட்டி இறந்துவிட்டாள் என்று அவரவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அழகான கையெழுத்தில் எழுதுவார். எழுதி முடித்துப் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஏற்கப்படவில்லை' என்று போடுவார். ஒருவனுக்கு நான்கு முறை பாட்டி இறந்திருக்கிறாள், நான்கும் பதிவாகியிருக்கிறது. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஏற்றுக்கொண்ட காரணம் ஒன்றே ஒன்று. வீட்டுக் கூரை இடிந்து விழுந்ததாக ஒருவன் சொன்னான். சாப்பாட்டு இடைவேளையில் தானே போய் இடிந்த கூரையைப் பார்த்துவிட்டு வந்து, அதன் பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் திருடினார். அல்லது திருடவில்லை. அதுதான் கதை.

அந்த ஆலைக்குப் பழைய காகிதம் கட்டுக் கட்டாக லாரியில் வரும். ஊறவைத்துக் கூழாக்கி அட்டை செய்வார்கள். ஒரு காலையில் வாசலில் லாரி குலுங்கி நின்றதில் ஒரு கட்டு அவிழ்ந்து விழுந்தது. ஈரக் காகிதங்களுக்கு நடுவே தோல் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம். திறந்த பக்கத்தில், ஒரு ஆள் பலகை ஒன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்து மணி பார்க்கும் படம். மணி பார்த்தே வயிறு கழுவும் ஒருவர் கண்ணில் அந்தப் படம் பட்டால் என்ன ஆகும்? எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகுதான் கவனித்தார். முதல் பக்கத்தில் கல்லூரி நூலகத்தின் வட்ட முத்திரை. வேண்டாம் என்று கழித்துவிட்டதற்கான முத்திரை எங்கேயும் இல்லை. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நூலகத்தில் கைவைத்தவன் என்று நினைப்பான். "லாரியில வந்துச்சு, கீழ விழுந்துச்சு, எடுத்தேன்" என்று சொன்னால்? இதே காரணத்தை எவனாவது அவருடைய ஜன்னலில் வந்து சொல்லியிருந்தால் சிவப்பு மை எப்போதோ காய்ந்திருக்கும்.

ஆக, தலையணை உறையில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். முப்பத்தொரு வருடம் யாருக்கும் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தான் மட்டும் பார்த்தார். புத்தகத்தின் மொழி ஒரு எழுத்துக்கூடப் புரியாது. ஆனால் எண்கள் புரிந்தன. படங்கள் புரிந்தன. சுவரில் வைக்கும் சூரிய கடிகாரம், தரையில் வைப்பது, உள்ளங்கையில் அடங்குவது என்று பக்கத்துக்குப் பக்கம். பின்னட்டையின் உட்புறத்தில் கால்வட்டமாக ஒரு படத்தை ஒட்டியிருந்தார்கள். அதன் மூலையில் ஒரு நூல், நூலில் நகர்த்தி வைத்த இடத்தில் நிற்கும், கடுகை விடச் சற்றே பெரிய மணி, நுனியில் ஈயக்குண்டு. அட்டையின் விளிம்பைச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் நூல் தொங்கும். மணி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் நேரம். முதல் நான்கு வருடம் அது தப்பாகவே காட்டியதாம்.

"நாலு வருஷம் சூரியனைச் சந்தேகப்பட்டேன் சிஸ்டர்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "அப்புறம்தான் உறைச்சுது. அந்தக் கோடெல்லாம் வேற தேசத்து வானத்துக்குப் போட்டது. நம்ம தலைக்கு மேல சூரியன் வேற உயரத்துல போறான். தப்பு அவன் மேல இல்ல."

பிறகு தன் ஊருக்கென்று தனியாக ஒரு அட்டையில் கோடுகள் வரைந்துகொண்டார். ஆலைக் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் வருடத்தில் ஓரிரு நாள்தான் ஒத்துப்போகிறது என்றும், மற்ற நாளெல்லாம் கால் மணிக்கு மேல்கூட முன்னே பின்னே இழுக்கிறது என்றும் புத்தகத்தின் எண்களை வைத்தே கண்டுபிடித்தார். இரண்டு நிமிடத்துக்காக ஆட்களை ஜன்னலில் நிற்க வைத்தவர் அவர். அதற்காகச் சங்கை மாற்றினாரா என்று கேட்டேன். "சங்கு முதலாளியோடது. சூரியன் என்னோடது" என்றார்.

ஓய்வு பெற்று, மனைவி போய், பிறகு ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் தப்பித்தது, கையும் காலும் தப்பிக்கவில்லை. மகள் துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தாள்.

முதல் நாள். மாடியில் இரண்டு அறை. கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கட்டில், அவருடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில் அலமாரி. மகள் கிளம்பிப் போனதும் துணிகளை ஊறவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். இடது கையில் பாதி திறந்த ஏதோ ஒரு பழம் புத்தகம், பக்கத்தில் கழற்றிப் போட்ட தலையணை உறை. அதிலிருந்து ஒரு நூல் நீண்டு வந்து, உணர்ச்சியில்லாத வலது கையின் மோதிர விரலில் மூன்று சுற்று இறுகியிருக்கிறது. விரல் வீங்கி நாவல்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

எங்கள் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருவது இது. மரத்துப்போன விரலில் ஒரு நூல் சுற்றினால் நோயாளிக்குத் தெரியாது. தெரிய வரும்போது விரல் இருக்காது. என் பையில் முனை மழுங்கிய கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். வெட்டினேன். விரலுக்கு நிறம் திரும்பியது. இதுவரைக்கும் நான் செய்தது சரி. இத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் மரியாதையான பெண்மணி.

நிறுத்தவில்லை. நூலோடு ஒரு சின்ன மணி படுக்கையில் உருண்டது. படுக்கையில் உருளுகிற எதுவும் முதுகுப் புண்ணுக்குப் போட்ட விதை. குப்பைக் கூடையில் போட்டேன். ஈயக்குண்டு ஒன்று இருந்தது. ஜன்னல் திரை பறந்து பறந்து அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததால், அதைத் திரையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். திரை அடங்கியது. என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். புத்தக அட்டையில் இன்னும் ஒரு சாண் நூல் பிசிறாகத் தொங்கியது. பிசிறு எனக்குப் பிடிக்காது. அதையும் அடியோடு ஒட்ட வெட்டி, அட்டையைத் துடைத்து, உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அவர் விழித்ததும், "விரல்ல ஒரு நூல் சுத்தியிருந்துச்சுங்க ஐயா, எடுத்துட்டேன்" என்றேன்.

போர்வை நூல் என்று நினைத்துக்கொண்டார். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். நன்றி வேறு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பக்கத்தில் எப்போதும் ஆள் இருந்ததால் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்ல நான் எழுதினேன். கல்லூரி நூலகத்துக்கு. அப்போதுதான் மேலே சொன்ன முழுக் கதையும் எனக்குத் தெரிந்தது.

"நான் போன பிறகு என் பொண்ணு வீட்ல திருட்டுப் புத்தகம் இருந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். "உசிரோட இருக்கும்போதே என் வாயால சொல்லிக் குடுத்துடணும். எழுதுங்க. புத்தகம் பத்திரமா இருக்கு. ஒரு ஏடு குறையலை. பின்னட்டையில் நூல், மணி, ஈயக்குண்டு உட்பட..."

என் பேனா நின்றது.

"என்ன சிஸ்டர், கை ஏன் நின்னுடுச்சு?"

"மை வரலைங்க ஐயா."

"உதறிட்டு எழுதுங்க. உட்பட, முழுமையாக இருக்கிறது."

உதறிவிட்டு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு குண்டு குண்டாக, அவ்வளவு நேராக நான் எழுதியதில்லை. பொய்க்கு என் கையெழுத்து நன்றாக வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பதினோரு நாளில் ஆள் வருவதாகப் பதில் வந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் செய்த காரியங்களை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். குப்பை வண்டிக்காரரிடம் மூன்று வாரத்துக்கு முந்தைய குப்பை எங்கே போயிருக்கும் என்று விசாரித்தேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வைரமா போட்டுட்டீங்க?" என்றார். கடைசியில், வெள்ளை நூலை டீ டிகாஷனில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்து, என் பழைய தோட்டிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக் கோத்து, அட்டைத் துளையில் கட்டினேன். ஈயக்குண்டுக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான். நிஜக் குண்டு நாலடி தூரத்தில் திரைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் "இது அங்க எப்படிப் போச்சு?" என்ற கேள்வி வரும் என்று பயம். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்கப் போனால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

நூலகத்து ஆள் வருவதற்கு முந்தின நாள் காலை சங்குக்காரர் கூப்பிட்டார். "சிஸ்டர், புத்தகத்தை எடுங்க. நாளைக்குக் குடுக்கறதுக்குள்ள ஒரு தடவை மணி பார்த்துக்கறேன்."

முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். இடது கையால் பின்னட்டையைத் திறந்தார். நூலைத் தொட்டார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"டீ வாசனை வருது."

"பழைய புத்தகம் இல்லைங்களா, ஒரு மாதிரி வாசம் வரத்தான் செய்யும்."

"முப்பத்தோரு வருஷமா வராத டீ வாசனை இப்ப வருது." மணியை விரலால் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு பொத்தான் வரைக்கும் போய் நின்றது. "மணி நிக்கவே மாட்டேங்குது. யார் வீட்டு மணி இது?"

"என் தோட்டு மணிங்க ஐயா."

"என் மணி?"

"குப்பையில."

"எந்தக் குப்பையில?"

"போன மாசக் குப்பையில."

நோயாளிகள் கத்துவார்கள், தட்டைத் தூக்கி எறிவார்கள், ஒருவர் என் தலையில் மூத்திரப் பாத்திரத்தையே கவிழ்த்திருக்கிறார். அதற்கெல்லாம் பயிற்சி உண்டு. இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பயிற்சி கிடையாது.

"ஏன்னு கேளுங்களேன்" என்றேன்.

"வேண்டாம். காரணம் கேட்டுக் கேட்டே அலுத்துப்போச்சு." பொத்தானை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "முழுசாக் குடுத்தா, காப்பாத்தி வெச்சிருந்தவன்னு நம்புவாங்க. குறையோட குடுத்தா, பிச்சு வித்தவன்னுதான் சொல்லுவாங்க. அந்த இடத்துல நான் உக்காந்திருந்தா நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "அந்தக் கண்ராவியை அவுத்துடுங்க. திருடன்னு பேர் வாங்கினா போதும், கள்ள மணி கட்டினவன்னு வேற வாங்க வேண்டாம்."

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் மகள் வந்து விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்க்கா, உங்களுக்கு வேற எதுவும் வெட்டக் கிடைக்கலையா? வாசல் செடி ரெண்டு மாசமாக் காடா வளர்ந்து கிடக்குதே, அது கண்ணுல படலையா?"

மறுநாள் பத்தரை மணிக்கு நூலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பழைய நூல்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். நாற்பது வயதிருக்கும். வந்ததும் கை கழுவ இடம் கேட்டார். முழங்கை வரைக்கும் கழுவி, சுத்தமாகத் துடைத்தார். கை கழுவத் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும். அவருக்கு என்னைப் பிடிக்கப்போவதில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது.

ஒவ்வொரு ஏடாகப் புரட்டினார். முகம் மலர்ந்துகொண்டே போனது. "இது இருக்குன்னு நாங்க மறந்தே போயிட்டோம் சார்" என்றார். கையோடு கொண்டுவந்த பழைய பதிவேட்டு நகலை விரித்தார். "கால்வட்டக் கருவி, நூல், மணி, ஈயக்குண்டோடன்னு இருக்கு." பின்னட்டையைத் திறந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துத் துளையைப் பார்த்தார். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

"இது சமீபத்துல வெட்டினது. நுனி இன்னும் வெள்ளையா இருக்கு. மிச்சம் எங்க சார்?"

சங்குக்காரர் லாரியிலிருந்து ஆரம்பித்தார். நான் சொல்வது அநியாயம்தான், ஆனால் பொய் சொல்கிறவன் எப்படிச் சொல்வானோ அப்படியே சொன்னார். கூரையைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், "சத்தியமா" என்று இரண்டு முறை போட்டார். அந்த அம்மா மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நான் நோயாளிகளுக்கு ஆட்டுவது அது.

"வெட்டினது நான்தாங்க" என்றேன்.

திரும்பினார்.

"விரல்ல சுத்தி ரத்தம் ஓடாம இருந்துச்சு. அதான் வெட்டினேன்."

"சரி. அட்டையில இருந்த மிச்சத்தை ஏன்மா வெட்டினீங்க?"

"பிசிறா இருந்துச்சு."

"மணி?"

"முதுகுல உறுத்தும்னு குப்பையில போட்டுட்டேன்."

"குண்டு?"

"அது இருக்குங்க. இதோ." திரையின் கீழ் மடிப்பைப் பிடித்துப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அம்மா! முதல்ல அதைக் கீழ வைங்க!" என்று எழுந்தே விட்டார். தையலைத் தானே ஊசியால் பிரித்து ஈயக்குண்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஜன்னல் திரைக்கு" என்றார், தனக்குத்தானே.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்றேன். நம்பினமாதிரி தெரியவில்லை. பராமரிப்பு நோட்டை எடுத்துக்கொடுத்தேன். தினமும் மணிவாரியாக எழுதுவது எங்கள் வேலையில் சட்டம். மருந்து, சாப்பாடு, புரட்டிப் படுக்கவைத்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்:

"பத்து நாற்பது. வலது மோதிர விரலில் நூல் மூன்று சுற்று. விரல் கருநீலம். வெட்டி நீக்கப்பட்டது. பத்து ஐம்பது, நிறம் இயல்பு. நூலிலிருந்த மணி குப்பையில் போடப்பட்டது. ஈயக்குண்டு திரையில் தைக்கப்பட்டது. பழைய புத்தகத்தில் இருந்த பிசிறு சுத்தம் செய்யப்பட்டது."

முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "இதை யாராலயும் ஜோடிக்க முடியாது சார்" என்றார். "விக்கறதுக்குப் பிச்சவங்க குண்டை வெச்சுத் திரை தைக்க மாட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். இந்த முறை தலையாட்டவில்லை, கேள்வி கேட்டார். "லாரி வந்தது எந்த வருஷம் சார்? ஞாபகம் இருக்கா?"

அவருக்கா ஞாபகம் இருக்காது! வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் சொன்னார். "ஏழு அம்பத்திரெண்டு. சங்குக்கு எட்டு நிமிஷம் இருந்துச்சு. கட்டெல்லாம் ஈரம். சேத்து வாடை."

"ஈரமா?"

"சொட்டச் சொட்ட."

அந்த அம்மா பதிவேட்டு நகலை மடித்தார். பிறகு, "அதுக்கு முந்தின மாசம் எங்க கீழ் அறையில தண்ணி புகுந்துடுச்சு" என்றார். "நனைஞ்சதையெல்லாம் பட்டியல்கூடப் போடாம லாரியில ஏத்தி அனுப்பினாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எதெது போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நீங்க திருடலை சார். நாங்க தூக்கிப் போட்டோம்."

சங்குக்காரர் அதற்கும் சரி என்று சொல்லிவிடவில்லை. "எழுத்துல குடுங்க" என்றார்.

கொடுத்தார். கூழாக்கப் போன கட்டிலிருந்து ஆலையின் நேரக் காப்பாளரால் காப்பாற்றப்பட்டு, அவராலேயே திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று அதே இடத்தில் உட்கார்ந்து எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டார். "நேரம்?" என்று கேட்டு அதையும் போடவைத்தார் இவர். மகள் வரும் வரை அந்தத் தாளை இடது கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மத்தியானம் இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டார்.

நூல் வெட்டப்பட்டதற்கும் ஆதாரம் வேண்டும் என்று என் நோட்டின் முதல் பக்கத்தைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். புத்தகத்தோடு அதே பெட்டியில் அதையும் வைத்திருக்கிறார்களாம். அந்த அம்மா போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"ஐயா, அந்தப் பக்கத்துல கீழ இன்னொரு வரி இருக்கு."

"என்ன வரி?"

"பதினொன்று பதினைந்து, மலம் கழித்தார், இளகலாக."

கண்ணை மூடிக்கொண்டார். உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்தப் படித்தவர் அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தாலும், சூரியனைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்களோ இல்லையோ, அன்றைக்குச் சங்குக்காரர் வயிறு எப்படி இருந்தது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்வார்கள்.

"அந்த ஒரு வரியை வெட்டிட்டுக் குடுத்திருக்கக் கூடாதா சிஸ்டர்?"

"இனிமே நான் எதையும் வெட்டறதா இல்லைங்க ஐயா" என்றேன். நாலு மணி ஆகியிருந்தது. இடது பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, நோட்டில் நேரத்தை எழுதினேன்.